லோடு நிறையட்டும் என்றார்

ஜூலை 7, திங்கள்

விடியுமுன்பே வெக்கை. செம்மண் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் போனால் போதும், வீடெல்லாம் தூசி.

வாங்க: முட்டை, நெத்திலி, வெள்ளரிக்காய், எண்ணெய், பொட்டலம் மடிக்கிற தாள். சோற்று வாசத்துக்குப் போடுகிற பாண்டான் இலை வீட்டுக்குப் பின்னாலேயே வளர்கிறது, போன வாரம் மாதிரி காசு கொடுத்து வாங்கித் தொலைக்காதே.

பள்ளிக் கேண்டீனில் இன்று என் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில் மிளகாய்ச் சம்பல் உறைப்பு. கை தவறிவிட்டது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒன்று கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிய ஒரு பொட்டலத்தை முடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டது. அழுதுகொண்டே தின்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

செம்பனை இந்த மாதம் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. பழம் ஏற்றிக்கொண்டு இவர் லோரி ஒரு நாளைக்கு மூன்று நடை எண்ணெய் மில்லுக்குப் போகிறது. கேண்டீனிலிருந்து வரும்போது ஒரு மரத்தடியில் நின்றுவிட்டேன். கை நுழையாத முள்ளுக்குள்ளே அவ்வளவு பெரிய குலையை எப்படித்தான் வைத்துக்கொண்டு நிற்கிறதோ. கல்யாணமாகி இந்த லாபு ஊருக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், இன்னும் வாய் பிளக்கிறேன். பக்கத்து வீட்டு ராஜம் மோட்டாரை நிறுத்தி, "அக்கா, மரத்துக்கிட்ட என்னா வேண்டுதலா?" என்றாள். நான் பராக்குப் பார்க்கிறவள் என்று இந்த லைன் வீடுகளுக்கே தெரியும்.

சாயங்காலம் இவர் லோரியிலிருந்து இறங்கும்போது ஒரு கை அடிவயிற்றில். குடல் இறங்கியிருக்கிறது, தெரிந்த கதை. முட்டி வீக்கம், அதுவும் தெரிந்த கதை. வலது கண்ணில் பனி மூடின மாதிரி இருக்கிறது என்று போன தீபாவளியிலிருந்து சொல்கிறார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா என்னா? கார்டுதான் இருக்கே" என்றேன்.

"இரு லா. லோடு நிறையட்டும்."

பழ சீசன் முடியட்டும் என்கிறார் போலிருக்கிறது. தோசை மூன்று, சட்னி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

குளிக்கும்போது அந்தக் கட்டி மறுபடி கையில் பட்டது. இடது மார்பு, அக்குள் பக்கம். பட்டாணி அளவுதான். வலி இல்லை. பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றுவிட்டது. வலிக்காததைப் பற்றி என்ன எழுதுவது. பள்ளி லீவில் பார்க்கலாம்.

ஜூலை 9, புதன்

வெக்கை. கேஸ் தீர்ந்தது, மாற்றியாச்சு.

இன்று ஒரு மகா மேதையோடு குடும்பம் நடத்துகிறேன் என்று தெரிந்துகொண்டேன்.

நாளைய சம்பலுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். மறுபடி கேட்டேன், சீசன் முடிந்ததும் நிச்சயம் போகிறீர்களா என்று. சீசனா, எந்த சீசன் என்றார். அப்புறம் என் தட்டிலிருந்து மூன்று வெங்காயத்தை எடுத்து வரிசையாக வைத்தார்.

"இது முட்டி. இது கண்ணு. இது குடல். சரியா? ஒவ்வொண்ணா ஆஸ்பத்திரி போனா, ஒவ்வொரு தடவையும் மொத மூவாயிரம் வெள்ளி பிள்ள கைக்காசு. மூணையும் சேத்து ஒரே தடவையா போனா? ஒரே மூவாயிரம். மிச்சத்த எல்லாம் கார்டு பாத்துக்கும்."

கார்டு விஷயம்: பிரேமா நீலாய் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த வருசமே அப்பாவுக்கு மெடிக்கல் கார்டு எடுத்தாள். மாசாமாசம் அவள் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் கட்டணத்தை ஏற்றினார்கள், மறுபடி ஏற்றினார்கள். கட்டி மாளாது என்று வேறு திட்டத்துக்கு மாற்றினாள். அதில் மாசக் கட்டு குறைவு, ஆனால் ஆஸ்பத்திரி பில்லில் முதல் பங்கு நம் கையிலிருந்து. (எனக்குக் கார்டு இல்லை. இரண்டு பேருக்கும் எடுக்க அவள் சம்பளம் என்ன மரத்திலா காய்க்கிறது.)

ஆக, இந்த மனுசர் கார்டு மாற்றிய நாளிலிருந்து வியாதியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அரை லோடு ஏற்றி மில்லுக்குப் போனால் டீசல் எண்ணெய்க் காசு நஷ்டம் என்று முப்பது வருசமாக ஓட்டியவர். உடம்பையும் லோரி என்று நினைத்துவிட்டார்.

கோபம் வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தது ஆச்சரியம். நொண்டி நொண்டி நடப்பது, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு ஓட்டுவது, எல்லாவற்றையும் இப்படிப் பொறுமையாக அடுக்கி வைக்க ஒரு மனுசனால் முடிகிறதே. எனக்குப் பல்வலி வந்தால் தெருவுக்கே தெரியும்.

"கவர்மெண்ட் கிளினிக் இருக்கே" என்றேன்.

"அங்க ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு நாள் உக்காரணும். நடைக்கு யாரு போவா? பிள்ள மாசாமாசம் கட்டுற கார்டு சும்மா கெடக்கணுமா?"

நான்காவதாக ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்தவர், கொஞ்ச நேரம் உருட்டிவிட்டுத் தட்டிலேயே போட்டுவிட்டார். என்ன அது என்றேன். ஒண்ணுமில்ல லா, வெங்காயம் என்றார்.

ஜூலை 10, வியாழன்

மேகம் கூடிற்று. மழை? இல்லை.

இவர் கதையைப் பெயர் சொல்லாமல் சாந்தாவிடம் சொன்னேன். கேண்டீனில் எனக்குக் கூடமாட இருப்பவள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எனக்கு அந்தத் தொல்லையே இல்லக்கா. கார்டு இல்ல, அதனால வியாதியும் இல்ல."

சீனி கேட்டு வந்த டீச்சர் ஒருவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளாக முதுகைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார். "ஸ்கேன் எடுக்கச் சொல்லி நாலு மாசமாச்சுக்கா. கார்டு இருக்கு. ஆனா பில்லுல ஒரு பங்கு நாம போடணும். போனஸ் வரட்டும்னு வச்சிருக்கேன்." சொல்லிவிட்டு, நின்றபடியே தேத்தண்ணீர் குடித்தார். உட்கார முடியவில்லையாம்.

மணி அடித்ததும் அதே டீச்சர் வகுப்பில் பிள்ளைகளோடு கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தார். சன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியில் ஒன்றும் தெரியவில்லை. ஊரில் எத்தனை பேர் இப்படி ஒன்றை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு காய்கறி வாங்குகிறார்கள், மோட்டார் ஓட்டுகிறார்கள், என்னிடமே பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்குகிறார்கள். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

நானும் அந்த வரிசையில்தானே. கட்டியைத் தொடவில்லை இன்று.

ஜூலை 12, சனி

வெயில். பிரேமா வந்தாள், ரம்புத்தானோடு. மெலிந்திருக்கிறாள். ஓவர்டைம். நீலாயில் சின்ன வீடு ஒன்றுக்கு முன்பணம் சேர்க்கிறாள்.

மத்தியானம் அவளுடைய கார்டு ஏஜெண்ட் போன் பண்ணினான். அவளோடு படித்த பையன், நல்ல பிள்ளை. ஏதோ புதுக் கடிதம் வந்திருக்கிறதாம். போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். இவர் ரம்புத்தான் உரித்துக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா.

"தம்பி, அந்த மொத மூவாயிரம், வருசத்துக்கு ஒரு தடவ கட்டுனா போதும்தானே?"

"இல்லம்மா. இந்தத் திட்டத்துல ஒவ்வொரு வியாதிக்கும் தனித்தனி."

"ஒரே நாள்ல மூணுக்கும் போனா?"

"அப்பவும் மூணுதான்மா. அன்னிக்கே வீட்டுக்கு வந்து சொன்னேனே."

சொல்லியிருப்பான். அன்றைக்கு நான் அவனுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தேன். இவர் வடை தின்றுகொண்டிருந்தார்.

இவர் கையில் பாதி உரித்த ரம்புத்தான் அப்படியே நின்றது. அந்த முகத்தை எப்படி எழுதுவது. மில் வாசல் வரை போனவனை, உன் பழம் இந்த மில்லுக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினால் ஒரு முகம் இருக்குமே, அது. எழுந்து போய் லோரியைக் கழுவ ஆரம்பித்தார். நேற்றுக் கழுவின லோரி.

பி.க்கு, பிரேமாவுக்குத்தான், எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். அப்புறம் செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினாள். சன்னலில் கேட்டது:

"நான் எதுக்குப்பா கார்டு எடுத்தேன்? நீங்க போகாம இருக்கறதுக்கா?"

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் கழித்து, "உன் வீட்டுக் காசும்மா அது" என்று மட்டும் கேட்டது.

பிள்ளையின் காசை மிச்சம் பிடிக்கத் தன் உடம்பிடம் கடன் கேட்டவர். நான் சிரித்தேனே என்று இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

பி. கிளம்புமுன் பேசி முடித்தது: முதலில் குடல். அடுத்த மாதம், சீசன் குறைந்ததும். மற்றவை கவர்மெண்டில், ஒவ்வொன்றாக. இவர் தலையாட்டினார். இவ்வளவு சுலபமாக ஆட்டியதே எனக்குச் சந்தேகம்.

ராஜம் தன் வீட்டு ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு கேட்டாள். கொடுத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

எழுதுகிறேன், ஆஸ்பத்திரி நாற்காலியில் வேறு என்ன செய்ய.

மில்லில் லோரியை நிறுக்கிற எடைமேடை. இவர் மேலே ஏற்றி நிறுத்தினார், இறங்கவில்லை. பின்னால் நின்ற லோரிக்காரர் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து, சட்டை பிழிகிற மாதிரி வியர்வை. நெஞ்சில் கை.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு. சாந்தாவிடம் கேண்டீன் சாவி. ராஜத்தின் மகன் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டான்.

என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் வார்த்தை: "எடைச் சீட்டு வாங்கிட்டாங்களா?"

உயிரோடு இருக்கிறார் என்று அப்போதுதான் நம்பினேன்.

மார்பில் ஒட்டு ஒட்டாக ஒயர். சின்னத் திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கி. உள்ளே இருப்பது இப்படித்தான் எழுதுமா. கல்யாணமானதிலிருந்து அந்த மார்பில் தலை வைத்துப் படுத்திருக்கிறேன், அதன் கையெழுத்தை இன்றுதான் பார்க்கிறேன். கண்ணை எடுக்க முடியவில்லை. கோடு கொஞ்சம் தயங்கினால் எனக்கு மூச்சு நின்றது.

ஜூலை 16, புதன்

வார்டு. மின்விசிறி சத்தம். பக்கத்துக் கட்டில் தாத்தா எல்லோருக்கும் பிஸ்கட் கொடுக்கிறார்.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், என் பிரேமா வயசுதான் இருக்கும். விடிந்ததிலிருந்து ஒரு கட்டில் விடாமல் நடக்கிறாள், எங்கள் முறை வந்தபோதும் சிரித்த முகம். நெஞ்சு வலி எவ்வளவு நாளாக என்று கேட்டாள். நேற்றுதான் என்றார் இவர். நான் அவரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மறுபடி கேட்டாள்.

லோரியில் பழத்துக்கு மேலே வலை போட ஏறும்போது நெஞ்சு இறுக்குமாம். கொஞ்சம் நின்றால் விட்டுவிடுமாம். எப்போதிலிருந்து? கார்டு மாற்றிய வருசத்திலிருந்து.

தட்டில் திரும்பப் போட்ட நாலாவது வெங்காயம். அப்போதே தெரிந்திருக்க வேண்டும் எனக்கு.

இரண்டு வருசம். எனக்கு அழுகையும் வந்தது, நாலு சாத்து சாத்தலாமா என்றும் வந்தது. இரண்டையும் வார்டில் செய்ய முடியாது.

டாக்டர் சொன்னது: இது முழு அட்டாக் இல்லை, அதற்கு முந்தின வாசல். ஆஞ்சியோகிராம் செய்து இதயக் குழாயைப் பார்த்தே ஆக வேண்டும். இங்கே வரிசை இருக்கிறது, சில வாரம் ஆகலாம். கார்டு இருந்தால் பிரைவேட்டில் இந்த வாரமே முடியும். எங்கே என்றாலும் சரி, தள்ளிப் போடாதீர்கள்.

"இங்கயே இருந்து வரிசையில போறேன். ஒண்ணும் அவசரமில்ல" என்றார் இவர். போனில் பி. "காசு இருக்குப்பா, இருக்குப்பா" என்கிறாள். இவர் போனை அணைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான், எனக்குப் பொறுமை போயிற்று.

"ஏங்க, வெட்டின பழத்த நீங்க எத்தன நாளு ரோட்டுல போட்டு வப்பீங்க?"

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க. அன்னன்னிக்கு மில்லுக்குப் போகலன்னா என்னா ஆவும்?"

"கெட்டுப் போவும்."

"லோடு நெறையலன்னு போட்டு வப்பீங்களா?"

சுவரிலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினார். சீசன் இல்லாத மாதத்தில் கால் லோடு பழத்தோடுகூட மில்லுக்கு ஓடியிருக்கிறார், எண்ணெய்க் காசு தண்டம் என்று முனகிக்கொண்டே. பழத்தை ஒருநாளும் கெட விட்டதில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"பிள்ளைக்குப் போன் போடு" என்றார்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கோயிலுக்குப் போகவில்லை. பிரைவேட் ஆஸ்பத்திரி, பளிங்குத் தரை, கோயில் மாதிரிதான் குளிர்ச்சி. நான் செருப்பைக் கழற்றப் போனேன், பி. தடுத்தாள்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டுமாம், மிச்சப் பணத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று. ஜிஎல் என்கிறார்கள். அது வந்தால்தான் உள்ளே. காலையிலிருந்து அதற்காக உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு சீனக் கிழவி, கையில் ஊசிக் குழாயோடு, அவளும் ஜிஎல்லுக்காக. என் தோளில் சாய்ந்து தூங்கியே போனாள். நான் அசையவில்லை.

"வந்துருச்சா அம்மா?" என்று அந்தப் பக்கம் போன தமிழ் நர்ஸைக் கேட்டேன்.

"இன்னும் வரல அம்மா. கொஞ்சம் டைம் ஆவும்."

இந்த நோயாளிகள் வலியைத் தாங்குவது ஒரு பக்கம். காகிதத்துக்காகக் காத்திருக்கும்போது அந்த வலியையும் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

முதல் பங்கை பி. கட்டினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. என் மகள்தான், சந்தேகமில்லை. சாயங்காலம் கடிதம் வந்தது.

ஜூலை 19, சனி

இன்று பார்த்ததை எழுதாமல் தூங்க முடியாது.

கை மணிக்கட்டில் சின்ன ஓட்டை, அதன் வழியாக நூல் மாதிரிக் குழாய், அது இதயம் வரை போகுமாம். ஆளை மயக்கக்கூட இல்லை. செய்து முடித்ததும் பெரிய டாக்டர் என்னையும் பி.யையும் கூப்பிட்டுத் திரையில் படம் காட்டினார். சீனர். மலாயில் சொன்னார், புரியாத இடத்தில் தமிழ் நர்ஸ் எடுத்துச் சொன்னாள்.

கறுப்பு வெள்ளைப் படம். உள்ளே மருந்து விட்டதும் குழாய்கள் கிளை கிளையாகத் தெரிகின்றன, இதயம் குதிக்கும்போது அந்தக் கிளைகளும் குதிக்கின்றன. ஓர் இடத்தில் பெரிய கிளை ஒன்று வெட்டினாற்போல நின்றுவிட்டது. அங்கே முழு அடைப்பு என்றார். நேற்று இன்று வந்தது இல்லையாம், ரொம்ப நாளாகவே அடைபட்டிருக்கிறதாம்.

"பின்ன எப்படி இத்தன நாளு லோரி ஓட்டுனாரு?" என்றேன்.

டாக்டர் சிரித்தார். படத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டு விரலால் காட்டினார். எதிர்ப்பக்கத்துக் குழாயிலிருந்து மெல்லிசு மெல்லிசாக, வளைந்து வளைந்து, முடி மாதிரிக் கோடுகள் அடைப்பைச் சுற்றிக்கொண்டு வந்து அந்தப் பக்கம் சேர்கின்றன. அடைப்புக்கு அப்பால் இருக்கிற சதைக்கு அதன் வழியாகத்தான் ரத்தம் போயிருக்கிறது.

"அது யாரு போட்ட வழி?"

"அவர் உடம்பே போட்டது அம்மா. மெல்ல மெல்ல."

ஜாலான் பெசார், அந்தப் பெரிய ரோடு, மூடிக் கிடந்தால் தோட்டத்துக்காரன் செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை போட்டுப் பழத்தை வெளியே கொண்டுவருவானே, அப்படி. இவர் லோடு நிறையட்டும் என்று உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் உள்ளே ஒன்று ஒருத்தரிடமும் கேட்காமல் பாதை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கூலி கேட்கவில்லை, கார்டு கேட்கவில்லை. இவர் என்னோடு சண்டை போட்டபோதும், வடை தின்றபோதும், குறட்டை விட்டபோதும். அந்தக் குறட்டைக்கு நான் முழங்கையால் இடித்திருக்கிறேன்.

கையெடுத்துக் கும்பிட்டேன். டாக்டர் தன்னை என்று நினைத்து வெட்கப்பட்டார். அவரையும்தான்.

அப்புறம் அவர் முகம் மாறியது. அந்தச் சின்னப் பாதைகளுக்கு ரத்தம் கொடுக்கிற குழாயும் இப்போது சுருங்கிவிட்டதாம். எடைமேடையில் நடந்தது அதுதான். அது அடைத்திருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகப் போயிருக்கும். அதில் ஸ்டெண்ட் வைத்துத் திறந்தாயிற்று. பழைய அடைப்பை இப்போது தொடவில்லை, மாத்திரை. "வலி ஆரம்பித்தபோதே வந்திருக்கலாம்" என்றார். குரலில் குறை இல்லை, வருத்தம்தான்.

உடம்பு எவ்வளவோ செய்கிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது என்று அந்தப் படத்தில் பார்த்தேன்.

வெளியே வந்து பி. என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் ரோட்டைத் தாண்டும்போது பிடிப்பாளே, அந்தப் பிடி.

ஜூலை 22, செவ்வாய்

வீடு. மாத்திரை: காலை, ராத்திரி. உப்புக் குறைக்க. லோரி இப்போதைக்குக் கூடாது. முதலாளி வேறு ஆள் போட்டிருக்கிறார்.

படத்தைப் பற்றி இவருக்குச் சொன்னேன், கையை ஆட்டி ஆட்டி, பாதை, செம்மண், எல்லாம். இவர் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தன் மார்பையே கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். புதுசாக வேலைக்கு வந்தவனைப் பார்க்கிற மாதிரி.

"எனக்குத் தெரியாம எல்லாம் செஞ்சிருக்கான் பாரேன்" என்றார்.

ராஜம் கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். உப்பில்லாமல் தனியாக எடுத்து வைத்திருந்தாள் இவருக்கு.

குளிக்கும்போது தொட்டுப் பார்த்தேன். பட்டாணி இல்லை இப்போது. கொஞ்சம் பெரிசு. அவருக்குள் கேட்காமல் பாதை போட்ட மாதிரிதானே எனக்குள்ளும் கேட்காமல் ஏதோ ஒன்று வளர்கிறது. இதையும் உடம்புதான் செய்கிறது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நின்றுகொண்டே இருந்தேன்.

கவர்மெண்ட் கிளினிக்கில் பார்க்க ஒரு வெள்ளிதான். அது இல்லை தடை. பார்த்த பிறகு என்ன சொல்வார்களோ, அதற்கு எங்கே போவது. இவருக்கே இப்போதுதான் பிள்ளை அவ்வளவு கொட்டியிருக்கிறாள். எனக்குக் கார்டும் இல்லை. இவர் நடமாடட்டும் முதலில். அப்புறம் பார்க்கலாம்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். யார் பேசுகிற பேச்சு இது?

ஜூலை 26, சனி

தூறல் மாதிரி. தரை நனையவில்லை.

வேலை இல்லாமல் இவர் என் உயிரை எடுக்கிறார். சம்பலுக்கு வெங்காயம் உரிக்கக் கொடுத்தேன், ஒன்றை உரிக்க ஒரு யுகம். நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

திடீரென்று, "நீ ஏன் பாடறதில்ல?" என்றார்.

"எப்ப?"

"குளிக்கறப்ப. முன்னல்லாம் தெரு முனை வரைக்கும் கேக்கும். ராஜம் கிண்டல் பண்ணுவா. மூணு வாரமா சத்தமே இல்ல."

நான் நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். இந்த மனுசர் லோரி எஞ்சின் சத்தத்தில் பாதிக் காது போனவர் என்று நினைத்திருந்தேன்.

அவர் உரித்த வெங்காயத் தட்டை மெல்ல என் பக்கம் தள்ளினார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. தட்டுதான்.

என் கை தானாகப் போய் ஒரு வெங்காயத்தை எடுத்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தது.

எங்கே என்று கேட்டார். சொன்னேன். எத்தனை நாள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வெங்காயம் உரித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டுவிட்டார். அதற்கப்புறம் எரிச்சலில் இரண்டு பேரும் குழாயடிக்கு ஓடி, ஒரே அமளி. சிரித்தோமா அழுதோமா தெரியவில்லை.

"திங்கக்கிழம போவோம்" என்றார்.

"திங்கக்கிழம உங்களுக்கு செக்கப். அத முடிச்சிட்டு, மொத்தமா..."

பார்த்தார் ஒரு பார்வை.

ஜூலை 28, திங்கள்

இவருக்கு செக்கப். நன்றாக இருக்கிறதாம். நாள் முழுக்க அங்கேயே போயிற்று. எனக்குப் புதன். சாந்தாவிடம் கேண்டீன் சொல்லியாச்சு. "என்னாக்கா, உங்களுக்கு என்னா?" என்றாள். சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தனக்கும் கொஞ்ச நாளாகத் தலை சுற்றுகிறது என்றாள்.

ஜூலை 30, புதன்

மழை. ஒருவழியாக மழை. விடிந்ததிலிருந்து கொட்டுகிறது. செம்மண் பாதை குழம்பு. ராஜத்தின் மகன் கார்.

கவர்மெண்ட் கிளினிக். நம்பர் எடுத்தாச்சு. நிறையக் கூட்டம். நனைந்த குடைகள், அழுகிற பிள்ளை, யாரோ கொண்டுவந்த நாசி லெமாக் வாசம். என் சம்பல் இதைவிட நல்லது.

இவர் பக்கத்தில், என் பையை மடியில் வைத்துக்கொண்டு. வலி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வலியே இல்லை என்று எத்தனை தடவை சொல்வது. பயம் இருக்கிறது, நிறைய. அதை இங்கே எழுதிவிட்டேன், அவரிடமும் சொல்லிவிட்டேன்.

வரும் வழியில் பழ லோரி ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. மழையில் பழம் வெட்ட முடியாதே, பாதி லோடுகூட இல்லை. இவர் கண்ணாடி வழியாக அதைக் கடைசி வரை பார்த்தார். "புது ஆளு. போகட்டும், கெட்டுப்போகாம போய்ச் சேரட்டும்" என்றார்.

இன்னும் மூன்று பேர். வெளியே தண்ணீர் கூரையிலிருந்து சரம் சரமாக விழுகிறது, ஒவ்வொரு சரமும் அதே இடத்தில். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது.

நம்பர் திரையில் வந்துவிட்டது. என்னுடையதுதான். இவர் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார்.